விலையும் ஆசியும்: ஆசி பெற்ற பொருள்களை வாங்குதல், விற்றல், வழங்குதல் பற்றிய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டங்கள்

1. முன்னுரை

ஒரு பொருளுக்கு விலை இல்லை என்று தமிழில் கூறும்பொழுது இரு கருத்துகள் தோன்றுகின்றன. விலை கொடாமலே பெறத்தக்கது என்பது ஒன்று. எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாதது என்பது மற்றொன்று. முன்னது பொருளின் எளிமையையும், பின்னது அதன் அருமையையும் உணர்த்தும். வழக்கில் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், ஓரிடத்தில் இரண்டும் ஒரே பொருளைக் குறித்து ஒருங்கே நிற்கக் காண்கிறோம். ஆசி பெற்ற பொருள்களை வாங்குதல், விற்றல், வழங்குதல் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை வகுத்துள்ள சட்டங்களே அவ்விடமாகும். ஆசி அளவிடற்கரிய அருமை உடையது. ஆதலினாலேயே அஃது இலவசமாக வழங்கப்படுதல் வேண்டும். இஃது அச்சட்டங்களின் அடிப்படை.

அடிப்படை எளிதாயினும் அதனை நடைமுறையிற் பொருத்துதல் எளிதன்று. குரு மந்திரித்த செபமாலையை விற்கலாமா? நண்பர்க்குக் கொடுத்தால் அதன் ஆசி நீங்குமா? வறுமையுற்ற குடும்பத்தார் தம்மிடமுள்ள பொற்சிலுவையை விற்றுப் பசி தீர்த்துக்கொள்ளுதல் பாவமாகுமா? பழம்பொருட் கடையிற் கிடக்கும் திருக்கிண்ணத்தை விலை கொடுத்து வாங்குவது குற்றமா, மீட்பா? இவ்வினாக்களுக்கெல்லாம், ‘விற்றால் ஆசி போய்விடும், ஆகையால் விற்கலாகாது’ என்று ஒரே தொடரில் விடை கூறுவாரைப் பலகாலும் காண்கிறோம். இவ்விடை மூன்று வெவ்வேறு சட்டங்களை ஒன்றாகக் குழைத்துக் கூறுவது என்பதே எம் கருத்து. நூற்பாவின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அஃது எதனைத் தழுவும், எதனை விலக்கும் என்று ஆராய்ந்த உரையாசிரியர்களின் நெறி நமக்குப் பழக்கமானது. அந்நெறியிலேயே இச்சட்டங்களையும் நோக்குவோம்.

2. பொருள்களின் வகை

தமிழகக் கத்தோலிக்கர் பேச்சு வழக்கில் ஆசியளித்தலை ‘மந்திரித்தல்’ என்பர். மந்திரித்த தண்ணீர், மந்திரித்த செபமாலை என்பன இன்றும் வழங்கும் தொடர்கள். ஆயினும் ஆசிகள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. இறையியலார் அவற்றை இருவகையாகப் பகுப்பர். ஒரு பொருளை உலக வழக்கினின்றும் பிரித்து இறைவழிபாட்டுக்கெனவே நிலைநிறுத்தும் ஆசி ஒன்று. பொருளின் நிலையை மாற்றாது, அதனைப் பயன்படுத்துவோர்க்கு இறையருளை வேண்டும் ஆசி மற்றொன்று. முன்னதனை நிலைமாற்றும் ஆசி என்றும், பின்னதனை வேண்டும் ஆசி என்றும் ஈண்டுக் குறிப்போம். குரு வந்து மந்திரித்த வீடும் ஊர்தியும் உணவும் பின்வகையைச் சார்ந்தன. இவை திருப்பொருள் ஆகிவிடுவதில்லை. ஆதலின், மந்திரித்த வீட்டை விற்பவர் திருப்பொருளை விற்றார் ஆகார்.

எஞ்சியவற்றை நாம் மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். திருப்பலிக்குரிய கிண்ணம், தட்டு, திருவுடை முதலியன வழிபாட்டுக் கலங்கள். செபமாலை, உத்தரியம், பாடுபட்ட சுரூபம், பதக்கம் முதலியன பத்திப் பொருள்கள். புனிதர்களின் உடற்பகுதிகளும் அவர்கள் பயன்படுத்திய பொருள்களும் திருப்பண்டங்கள். இவற்றை அருளிக்கம் எனவும் வழங்குவர். இம்மூன்றுக்கும் சட்டங்கள் வெவ்வேறு. இப்பகுப்பை மறந்தமையே மேற்கூறிய குழப்பத்திற்கு முதற்காரணம்.

3. சீமோன் குற்றம்

திருத்தூதர் பணிகள் என்னும் நூலின் எட்டாம் அதிகாரம், சமாரியா நாட்டு மாயவித்தைக்காரனாகிய சீமோன் என்பான் ஒருவனைப் பற்றிக் கூறுகிறது. திருத்தூதர்கள் கைகளை வைத்தபொழுது மக்கள் தூய ஆவியைப் பெறக் கண்ட அவன், அவ்வாற்றலைத் தனக்கும் தருமாறு பணத்தை நீட்டினான். பேதுரு அவனைக் கடிந்து விலக்கினார். ஆவிக்குரிய நன்மையைப் பணத்திற்கு வாங்கும் குற்றத்திற்கு அவன் பெயரே பெயராயிற்று. 451-ஆம் ஆண்டிற் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் பணம் பெற்றுக் குருப்பட்டம் அளித்தலைத் தன் இரண்டாம் விதியில் வன்மையாகக் கண்டித்தது.

இக்குற்றம் ஏன் குற்றமாகிறது என்பதற்கு 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் கூறும் காரணங்கள் நுட்பமானவை. அவற்றுள் இரண்டு ஈண்டு இன்றியமையாதன. ஆவிக்குரிய நன்மையை உலகப் பொருளால் அளவிட இயலாமையின் அதற்குத் தக்க விலை என்று ஒன்று இருக்க இயலாது. அதனை வழங்கும் குருவோ அதற்கு உடையவர் அல்லர், பொறுப்பாளரே ஆவர். தமதல்லாததை ஒருவர் எங்ஙனம் விற்பர்? எனவே, ஆசியை விற்றல் மிகுவிலைக்கு விற்ற குற்றம் அன்று. விற்பனை என்னும் செயலே அவ்விடத்திற் பொருந்தாது என்பது தேறப்படும்.

4. பொருளின் விலையும் ஆசியின் விலையும்

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. செபமாலை மரத்தாலும் நூலாலும் ஆனது. திருக்கிண்ணம் வெள்ளியாலும் பொன்னாலும் ஆனது. அவற்றின் ஆசிக்கு விலை இல்லை என்றாலும், மரத்திற்கும் பொன்னிற்கும் விலை உண்டன்றோ?

1917-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இவ்வையத்தை நேராகவே தீர்த்தது. அதன் 727-ஆம் விதி சீமோன் குற்றத்தை வரையறுக்கும்பொழுது, பொருளோடு அதன் ஆசியையும் ஒப்பந்தத்தின் ஒரு கூறாக ஆக்கினும் குற்றமே என்றது. திருநிலைப்படுத்தப்பட்ட கிண்ணத்தை விற்கையில் அத்திருநிலைப்பாட்டிற்கும் விலை கொள்வதை அதற்குக் காட்டாகத் தந்தது. 730-ஆம் விதியோ, ஆசி தங்கியிருக்கும் பொருளை அப்பொருளின் விலைக்கே கொடுத்தால் குற்றம் இல்லை என்றது. ஆயின் ஆசியைக் காரணங்காட்டி விலையை உயர்த்தலாகாது என்று ஒரு வரம்பும் இட்டது. இரு விதிகளும் ஒரே கிண்ணத்தையே காட்டாகக் கொண்டமை நோக்கத்தக்கது. கிண்ணம் ஒன்றே, கைமாறும் பணமும் ஒன்றாயிருக்கலாம், பணம் எதற்கு ஈடாகத் தரப்படுகிறது என்பதே குற்றத்தையும் குற்றமின்மையையும் பிரிக்கிறது.

ஆதலின், ஆசி பெறாத செபமாலை பத்து ரூபாயும் ஆசி பெற்றது பதினைந்து ரூபாயும் என விற்கும் வணிகர் ஒருவர் இருப்பாராயின், அந்த மிகை ஐந்து ரூபாயே சீமோன் நீட்டிய பணம் ஆகும்.

இன்றைய நடைமுறைகள் இரண்டு இவ்வேறுபாட்டை விளக்கும். பாப்பரசரின் ஆசி எழுதப்பெற்ற தோற்றாள்களை வழங்கும் உரிமை, 2015-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் உரோமை நகரக் கடைகளினின்றும் நீக்கப்பெற்று, பாப்பரசரின் அறப்பணி அலுவலகத்திற்கே உரியதாக்கப்பட்டது. அங்குப் பெறப்படும் தொகை தாளுக்கும் எழுத்துவேலைக்கும் அனுப்புதற்கும் உரியது; அதனால் வரும் பயன் ஏழையர்க்குச் செல்கிறது; ஆசிக்கு விலை இல்லை. பிரான்சு நாட்டு லூர்து நகரில் ஊற்றுநீரை எவரும் விலையின்றி முகந்து செல்லலாம். கடைகள் விற்பது நீரை ஏந்தும் குப்பியையே. திருத்தலக் கடைகளில் மக்கள் முதலிற் பொருளை வாங்கிப் பின்னரே குருவிடம் கொண்டு சென்று மந்திரித்துக்கொள்ளும் வழக்கமும் இதுபற்றி எழுந்ததே. விற்பனை முடிந்த பின்னரே ஆசி வருவதால், ஆசியின் நிழலும் விலையின்மேல் விழுவதில்லை.

5. விற்றால் நீங்குவது யாது?

குற்றம் உண்டா இல்லையா என்பது ஒரு வினா. குற்றமின்றியே விற்றாலும் பொருளினின்று ஏதேனும் நீங்குகிறதா என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும்.

பத்திப் பொருள்களுக்கு ஆசியேயன்றி ஞானப்பலன் என்பதும் உண்டு. மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு எஞ்சிநிற்கும் தண்டனையைத் திருச்சபை தன் அருட்கருவூலத்தினின்று குறைத்தலோ நீக்குதலோ ஞானப்பலனாகும். முற்றும் நீக்குவது பரிபூரணப் பலன். ஒரு கூறு நீக்குவது பகுதிப் பலன். குருவோ திருத்தொண்டரோ முறைப்படி மந்திரித்த சிலுவை, செபமாலை, உத்தரியம், பதக்கம் ஆகியவற்றைப் பத்தியோடு பயன்படுத்துவோர் பகுதிப் பலன் பெறுவர். பாப்பரசரோ ஆயரோ மந்திரித்ததாயின், உரிய நிபந்தனைகளோடு புனிதர் பேதுரு, பவுல் திருநாளில் பரிபூரணப் பலனும் பெறலாம்.

இப்பலன் எப்பொழுது நீங்கும் என்பதை 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 924-ஆம் விதி வரையறுத்தது. பொருள் முற்றிலும் அழிந்தாலோ விற்கப்பட்டாலோ மட்டுமே நீங்கும் என்பது அதன் கருத்து. ஆறாம் பவுல் பாப்பரசர் 1967-இல் ஞானப்பலன் முறையைத் திருத்தியமைத்தார். அதன்பின் 1968-இல் வெளிவந்த ஞானப்பலன் கையேடும், 1999-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பும் இவ்விதியை மாற்றாது காத்தன. எனவே இஃது இன்றும் நடைமுறையிலுள்ள சட்டமாகும்.

வழிபாட்டுக் கலங்களைப் பற்றிய விதியோ வேறு. 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1305-ஆம் விதி, கலங்கள் தம் பழைய வடிவை இழந்து பயனற்றுப் போயினும், தகாத செயலுக்குப் பயன்படுத்தப்படினும், பொது விற்பனைக்கு வைக்கப்படினும் தம் ஆசியை இழக்கும் என்றது.

இவ்விரு விதிகளின் சொற்களை ஒப்புநோக்குவோம். 924-ஆம் விதி செபமாலை முதலிய பொருள்களைப் பற்றியது. 1305-ஆம் விதி வழிபாட்டுக் கலங்களைப் பற்றியது. முன்னது நீங்குவதாகக் கூறுவது ஞானப்பலனை. பின்னது நீங்குவதாகக் கூறுவது ஆசியை. முன்னதில் ‘விற்கப்பட்டால்’ என அடையின்றி நின்ற சொல், ஒருவர் மற்றொருவர்க்குத் தனியே விற்பதையும் தழுவும். ஊதியம் கருதி விற்பதா, அடக்கவிலைக்கே விற்பதா என்னும் வேறுபாடும் அங்கில்லை. பின்னதில் ‘பொது’ என்னும் அடை தனி விற்பனையை விலக்குகிறது. ‘விற்பனைக்கு வைக்கப்படின்’ என்றமையாலோ, வாங்குவார் ஒருவரும் வாராது கடையிற் கிடப்பினும் ஆசி நீங்குதல் பெறப்படுகிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டனையும் ஒன்றாக்கியே ‘விற்றால் ஆசி போய்விடும்’ என்னும் பொதுவழக்கு பிறந்தது. பத்திப் பொருளை விற்றால் போவது ஞானப்பலன் என்றே சட்டம் சொல்லுகிறது; ஆசியைப்பற்றி அவ்விதி பேசவில்லை.

1983-ஆம் ஆண்டில் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் வெளியிட்ட புதிய தொகுப்பு பழைய 1305-ஆம் விதியை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் 1212-ஆம் விதி திருத்தலங்கள் எவ்வாறு ஆசியை இழக்கும் என்று கூறுகிறது. பெரும்பகுதி அழிந்தாலும், நிலையாக உலகப் பயனுக்கு விடப்பட்டாலும் இழக்கும் என்பது அதன் சாரம். கலங்களுக்கு அத்தகைய விதி ஒன்றும் இல்லை. ஆயினும் 1269-ஆம் விதி, தனியார் உடைமையாகிய திருப்பொருள்களை, அவற்றின் ஆசி நீங்கினாலன்றி உலகப் பயனுக்குக் கொள்ளலாகாது என்கிறது. ஆசி நீங்குதல் உண்டு என்பதை இவ்விதி உடன்பட்டு நிற்கிறது. நீங்கும் வழியை மட்டும் கூறாது விடுகிறது. பழைய மரபைக்கொண்டு பொது விற்பனையால் ஆசி நீங்கும் என்று இன்றும் கொள்வாரும் உளர். விதி கைவிடப்பட்டமையின் அவ்விளைவும் கைவிடப்பட்டது என்பாரும் உளர். சட்டம் வாய்திறவாத இடத்தில் ஒத்த பொருள்பற்றிய விதிகளையும் பொதுநெறிகளையும் துணைக்கொள்ளுமாறு அத்தொகுப்பின் 19-ஆம் விதி பணிக்கிறது. அதன்படி 1212-ஆம் விதியை ஒப்புமையாகக் கொள்வோமாயின், கடையில் வைத்தலாகிய செயல் ஒன்றே போதாது. வடிவழிதலோ நிலையாக உலகப் பயனுக்கு விடப்படுதலோ வேண்டும் என்பது எம் துணிபு.

6. விற்பவனிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை

ஞானப்பலன் விற்பனையால் நீங்கும் என்று ஏன் விதித்தனர்? இதனை விளக்க வரலாறு துணைபுரியும். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஞானப்பலன் காணிக்கையோடு பிணைக்கப்பட்டு ஊரூராகப் பரப்பப்பட்டமையும், 1517-இல் மார்ட்டின் லூதர் அதனை எதிர்த்து எழுந்தமையும், அதனால் மேலைக் கிறித்தவம் பிளவுற்றமையும் யாவரும் அறிந்தன. திரெந்துப் பொதுச்சங்கம் 1562-இல் காணிக்கை திரட்டுவோர் என்னும் பதவியையே ஒழித்தது. 1563-இல் ஞானப்பலனைக்கொண்டு பெறும் இழிந்த ஊதியம் அனைத்தையும் நீக்கப் பணித்தது. 1567-இல் ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர், பணத்தோடு தொடர்புடைய ஞானப்பலன்களை எல்லாம் நீக்கினார்.

இப்பின்னணியில் 924-ஆம் விதியைக் காண்பார்க்கு அதன் நுட்பம் புலனாகும். விற்காதே என்று தடுத்தல் ஒரு முறை. விற்பதற்குரிய சரக்கே இல்லாமற் செய்தல் மற்றொரு முறை. முதல் முறையில் தடையை மீறுவானுக்கு ஊதியம் உண்டு. இரண்டாம் முறையிலோ பணம் கைமாறிய அளவிலே பலன் மறைகிறது. வாங்கியவன் கையில் மரமும் நூலுமே எஞ்சுகின்றன. தண்டனை கூறாமலே ஒரு வாணிகத்தைப் பயனற்றதாக்கும் சட்டத்திறம் இது. வாங்கியவனுக்கும் இதனால் மீளா இழப்பு இல்லை. அவன் அதனைக் குருவிடம் கொண்டு சென்று மீண்டும் மந்திரித்துக்கொள்ளலாம். அதற்குப் பொருட்செலவும் இல்லை.

7. கொடையும் இரவலும் மரபுரிமையும்

முற்காலத்துச் சட்டம் கொடைக்கும் இரவலுக்கும் கடுமையாயிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஏழாம் அலெக்சாந்தர் பாப்பரசர் காலத்தே எழுந்த ஆணை, ஞானப்பலன் முதலிற் பெற்றவரையே சாரும். அவர் அப்பொருளைப் பிறர்க்குக் கொடுத்தாலும் பிறர் பலன் பெறுமாறு இரவல் தந்தாலும் அது நீங்கும் என்றது. இன்றும் சில குடும்பங்களிற் ‘செபமாலையைப் பிறர்க்குக் கொடுக்கலாகாது’ என்று முதியோர் கூறுவது அப்பழஞ்சட்டத்தின் எதிரொலியாக இருக்கலாம்.

924-ஆம் விதியின் ‘மட்டுமே’ என்னும் சொல் இந்நிலையை முழுதும் மாற்றிற்று. அழிதல், விற்கப்படுதல் என்னும் இரண்டொழிய வேறு வழியால் பலன் நீங்காது என்பது அதனாற் பெறப்படும். எனவே கொடையும் இரவலும் பலனைக் கெடுப்பதில்லை. பாட்டியின் செபமாலை பேர்த்தியின் கைக்கு வரும்பொழுது ஆசியும் பலனும் உடன் வருகின்றன. இரண்டு மூன்று மணிகள் உதிர்ந்து புதியன கோக்கப்படினும் மாலை முற்றிலும் அழிந்ததாகாது, பலனும் நீங்காது. பிற சமயத்தார்க்கு வழங்கலாமா என்பது அடுத்த வினா. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1170-ஆம் விதி, திருச்சபையின் தடை ஒன்று இல்லாதவிடத்து ஆசியையே கத்தோலிக்கர் அல்லாதார்க்கும் அளிக்கலாம் என்கிறது. ஆசியைப் பெறத்தக்கார் ஆசி பெற்ற பத்திப் பொருளையும் பெறத்தக்காரே எனக் கொள்வதில் தவறில்லை. மதிப்புடன் போற்றுவாரா என்பது ஒன்றே கருதத்தக்கது.

நடைமுறையில் எழும் சிக்கல் ஒன்றனை ஈண்டுக் குறிப்பிடலாம். பங்குமக்கள் நூற்றுவர்க்கு ஒருவர் தம் பணத்தில் செபமாலைகள் வாங்கி, ஆயரிடம் மந்திரித்து, பின்னர் அடக்கவிலையைப் பெற்றுக்கொண்டு கொடுக்கிறார் என்க. இஃது விற்பனையா? மக்கள் முன்னரே தமக்கென வாங்கிவரப் பணித்திருந்தால், மாலைகள் வாங்கப்பட்டபொழுதே அவர்களுடையன ஆயின. பின்னர்ப் பெறும் பணம் அவர் பொருட்டுச் செலவிட்ட தொகையே. அவ்வாறன்றித் தாமே வாங்கி மந்திரித்து வைத்துப் பின் விரும்பி வருவார்க்கு விலைக்குத் தந்தால் அஃது விற்பனையே ஆகும். ஊதியம் இல்லை என்பது விடையாகாது என்பதை மேலே கண்டோம். ஆசிக்கு முன்னரே கணக்கை முடித்துக்கொள்ளுதல் இவ்விடர்ப்பாட்டை அடியோடு நீக்கும்.

8. திருப்பண்டங்கள்

மேற்கூறியவற்றினின்றும் முற்றிலும் வேறானது திருப்பண்டங்களின் நிலை. இங்கே பொருளின் விலை வேறு, ஆசியின் விலை வேறு என்னும் பாகுபாட்டிற்கு இடமில்லை. செபமாலையில் மரம் இருக்கிறது, ஆசி வந்து சேர்கிறது. புனிதரின் என்போ ஆசி பெற்றமையாற் புனிதமானது அன்று. அவருடையது என்பதாலேயே புனிதமானது. பிரித்து விலை கூறுதற்கு அதில் வேறு கூறு இல்லை.

இத்தடை மிகத் தொன்மையானது. 386-ஆம் ஆண்டிலேயே தியோடோசியஸ் பேரரசரின் சட்டம் மறைச்சாட்சியரின் உடலை விற்றலையும் வாங்குதலையும் விலக்கியது. 1215-இல் கூடிய இலாத்தரன் நான்காம் பொதுச்சங்கம், திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே காட்டுதலையும் விற்பனைக்கு வைத்தலையும் தடுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1190-ஆம் விதி, திருப்பண்டங்களை விற்றல் அறவே தகாது என்கிறது. பெருஞ்சிறப்புடைய திருப்பண்டங்களையும் மக்கள் பெரிதும் வணங்கும் பிறவற்றையும் உரோமைத் திருப்பீடத்தின் இசைவின்றி உரிமை மாற்றவோ நிலையாக இடம் மாற்றவோ இயலாது என்றும், கோவிலில் அவ்வாறு வணங்கப்படும் திருவுருவங்களுக்கும் இது பொருந்தும் என்றும் அவ்விதி தொடர்கிறது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் புனிதர் பட்டப் பேராயம் வெளியிட்ட அறிவுரையும் திருப்பண்ட வாணிகத்தைத் தடை செய்துள்ளது.

எனினும் வரலாற்றில் பணம் குறுக்கிட்ட இடங்களும் உண்டு. கொன்ஸ்தாந்தினோப்பிளின் இலத்தீன் பேரரசு வறுமையுற்றபொழுது, இயேசுவின் முள்முடி எனப் போற்றப்பட்டது வெனிஸ் நகர வணிகரிடம் அடைமானம் வைக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் பால்டுவின் அதனைப் பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயிக்கு அளிக்க முன்வந்தார். மன்னர் அடைமானக் கடனைத் தீர்த்து 1239-இல் அதனைப் பெற்றார். அதனை வைப்பதற்கென எழுப்பிய பாரிசுத் திருக்கோவில் 1248-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. செலுத்தப்பட்டது கடன், முடியோ கொடை. பெருந்தொகை கைமாறிய அந்நிகழ்ச்சியிலும் ‘விற்பனை’ என்னும் சொல் தவிர்க்கப்பட்டமை, அச்சொல்லின்பால் இருந்த அச்சத்தைக் காட்டுகிறது.

9. பசியும் பொற்கிண்ணமும்

திருப்பொருளை எக்காலத்தும் எக்காரணத்தானும் விற்கலாகாது என்பது திருச்சபையின் கொள்கை அன்று. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோத்தியர் படையெடுப்பால் எண்ணிறந்தோர் சிறைப்பட்டபொழுது, மிலான் நகர ஆயர் அம்புரோசியார் கோவிற்கலங்களை உடைத்து உருக்கிச் சிறைப்பட்டோரை மீட்டார். அதுபற்றி எதிரிகள் பழித்தபொழுது, அப்பொன்னின் பயன் மக்கள் உயிரைக் காத்தலே என்று தம் கடமை பற்றிய நூலில் விடையிறுத்தார். கலங்களை வடிவோடு விற்காமல் உடைத்தமைக்குக் காரணமும் கூறினார். அவை தகாதார் கையில் தகாத பயனுக்குச் சென்றுவிடலாகாது என்பதே அது. 529-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டம் கோவிற்கலங்களை விற்றலையும் அடைமானம் வைத்தலையும் பொதுவாகத் தடுத்து, சிறைமீட்பு ஒன்றற்கே விலக்கு அளித்தது. 12-ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த சட்டத் திரட்டில் அம்புரோசியார் கூற்றும் இடம்பெற்றது. தாமஸ் அக்வினாஸ் இம்மரபைத் தொகுத்து, திருச்சபையின் தேவைக்கும் ஏழையர் தேவைக்கும் கலங்களை விற்கலாம்; ஆயின் செபம் கூறி உடைத்தல் வேண்டும்; உடைந்தபின் அவை கலங்கள் அல்ல, வெறும் உலோகமே என்றார்.

வறியவரின் பொற்சிலுவை பற்றிய வினாவிற்கு விடை இங்கே கிடைக்கிறது. பொன்னைப் பொன்னின் விலைக்கு விற்றலில் சீமோன் குற்றம் இல்லை. உருக்கப்பட்ட பொன் சிலுவையும் அன்று. சிறைப்பட்டோர்க்காக ஆயர் ஒருவர் திருக்கிண்ணத்தையே உடைத்தார் எனின், பசித்த பிள்ளைகளுக்காகத் தாய் ஒருத்தி தன் கழுத்துச் சிலுவையை விற்றலைப் பாவம் என்று கூறி அவளை அச்சுறுத்துவார் சட்டத்தையும் அறியார். அதன் உள்ளத்தையும் அறியார்.

கோவிலின் உடைமைக்கோ வேறு வரம்புகளும் உண்டு. கலைச்சிறப்பாலோ வரலாற்றுச் சிறப்பாலோ விலைமதிப்புற்றனவும், நேர்த்திக்கடனாக அளிக்கப்பெற்றனவும் திருப்பீடத்தின் இசைவின்றி உரிமை மாற்றப்படலாகா என்று 1292-ஆம் விதி கூறும். தனியார் கையில் இருப்பினும் திருப்பொருள்கள் மதிப்புடன் பேணப்படல் வேண்டும். உலகப் பயனுக்கு ஆகா என்பது 1171-ஆம் விதி. பயனற்றுப் போன பத்திப் பொருள்களைக் குப்பையில் எறியாது எரித்தலும் புதைத்தலும் இவ்வுணர்வு பற்றிய வழக்கங்களே.

10. மீட்டு வாங்கலாமா?

ஐரோப்பாவிற் கோவில்கள் பல மூடப்பட்டமையால் அவற்றின் கலங்களும் திருப்பண்டப் பேழைகளும் பழம்பொருட் கடைகளிலும் ஏல விற்பனைகளிலும் தோன்றுகின்றன. அவற்றைக் காணும் பத்தர் உள்ளம் பதைத்தல் இயல்பு. திருக்கிண்ணத்தை உலோகத்திற்கும் கைவினைக்கும் உரிய விலை கொடுத்து வாங்கிக் கோவிலொன்றுக்கு அளித்தலில் தடை இல்லை. மீண்டும் ஆசி வேண்டுமா என்பதை ஆயரிடம் கேட்டறியலாம்.

திருப்பண்டத்தின் நிலையே கடினமானது. 1190-ஆம் விதி ‘விற்றல்’ என்றே கூறுகிறது. ‘வாங்குதல்’ என்னும் சொல் அங்கில்லை. இதுகொண்டு, இழிவினின்று காக்கும் பொருட்டு வேறு வழியின்றி வாங்குதல் குற்றமாகாது என அறநூலார் சிலர் கொண்டனர். அவர் கருத்தில் அப்பணம் விலை அன்று, மீட்புத் தொகை. இவ்விளக்கத்தைச் சொல்லளவில் மறுத்தல் அரிது. ஆயினும் தியோடோசியஸ் சட்டம் வாங்குதலையும் சேர்த்தே தடுத்தமையை மறத்தலாகாது. மீட்பவர் ஒருவர் பணம் கொடுக்குந்தோறும் விற்பவர் ஊக்கம் பெறுகிறார், போலிகளும் பெருகுகின்றன. ஒரு திருப்பண்டத்தைக் காத்தவர் பத்துப் போலிகளுக்குச் சந்தை அமைத்தவராகவும் ஆகலாம். எனவே முதலில் இலவசமாகக் கேட்டுப் பெற முயலுதலும், இயலாதாயின் ஆயர்க்கு அறிவித்தலும், பிற வழிகள் யாவும் அடைபட்டபின் பேழையின் விலையளவே கொடுத்தலும் தக்க முறையாகும் என்பது எம் கருத்து. சட்டத்தின் எழுத்து ஓரிடத்தில் நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதற்காக அதன் நோக்கத்தை நாம் நெகிழவிடலாகாது.

11. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை: பத்திப் பொருளை விற்றால் ஞானப்பலன் நீங்கும், கொடுத்தாலும் இரவல் தந்தாலும் நீங்காது. வழிபாட்டுக் கலத்தை உரிய இசைவோடு அதன் பொருள்விலைக்கு விற்கலாம். ஆசிக்கென ஒரு காசும் கூட்டலாகாது. திருப்பண்டத்தை எவ்விலைக்கும் விற்கலாகாது. மூன்று விதிகளும் வெவ்வேறு வழிகளிற் சென்று ஒரே கருத்தைக் காக்கின்றன. மனிதர் செய்த மாலைக்கும் கிண்ணத்திற்கும் விலை உண்டு. அவற்றின்மேல் வந்து தங்கியதற்கு விலை இல்லை. விலையில்லாதது என்னும் தமிழ்ச் சொல் தன் இரு பொருளையும் இழவாது நிற்கும் இடம் அதுவே.